மாலை ஆறரைக்கு எழும்பும் தூத்துக்குடி: தாழ் அலைவரிசைகளுக்குப் பகல் என்ன செய்கிறது?

காலடிப்பேட்டை மாடி எழுதியது:

வீடு மாறுவதற்காகப் பரணை ஒழித்தபோது, 2009, 2010ஆம் ஆண்டுகளில் நான் எழுதி வைத்திருந்த வானொலிக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, இரண்டு பேட்டரிக்கட்டை போட்ட சிறிய டிரான்சிஸ்டரில் மத்திய அலையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருகி, எது எப்போது கேட்டது என்பதை நாள்தோறும் குறித்திருக்கிறேன்.

720 கிலோஹெர்ட்ஸில் சென்னை எந்நேரமும் ஒரே பலத்துடன் இருக்கிறது. 612இல் பெங்களூரும் 936இல் திருச்சியும், பகலில் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்தால் இரைச்சலுக்கு அடியில் முனகுகின்றன. 1053இல் தூத்துக்குடி பகலில் அறவே இல்லை. ஆனால் ஜனவரி மாத மாலைகளில், ஆறு மணிக்குப் பொழுது சாய்ந்த பத்து நிமிடத்திற்குள் அங்கே ஒரு குரல் எழும்பத் தொடங்கி, ஆறரை மணியளவில் பக்கத்துத் தெருவிலிருந்து பேசுவது போலத் தெளிந்துவிடுகிறது. ஏறத்தாழ எல்லா மாலைகளிலும் இதையே எழுதியிருக்கிறேன்.

என் குழப்பம் இதுதான். தாழ் அலைவரிசைகள் தரையை ஒட்டிச் செல்வதால் சூரியன் அவற்றைத் தொடுவதில்லை என்று பாலிடெக்னிக்கில் படித்ததாக நினைவு. அது சரியென்றால் என் குறிப்பேடு தவறு. குறிப்பேடு சரியென்றால் நான் படித்தது தவறு. எது தவறு என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

எர்ணாவூர் ஹாம் எழுதியது:

அண்ணா, இரண்டுமே தவறில்லை. ‘தாழ் அலைவரிசை’ என்னும் ஒரே பெயரை நாம் மூன்று வெவ்வேறு பட்டைகளுக்கும் சூட்டிவிடுகிறோம். 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை மிகத் தாழ்வு. 30 முதல் 300 வரை தாழ்வு. 300 முதல் 3,000 வரை நடுத்தரம். உங்கள் டிரான்சிஸ்டர் கேட்கும் மத்திய அலை மூன்றாவதன் ஒரு பகுதி மட்டுமே. பாலிடெக்னிக் பாடம் முதல் இரண்டுக்கும் ஓரளவு பொருந்தும், அதுவும் முழுமையாக அன்று.

வண்ணாரப்பேட்டை வாத்தியார் எழுதியது:

ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் சற்று விரிவாகவே சொல்லுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலை இரண்டு வழிகளில் நம்மிடம் வருகிறது. ஒன்று தரையைத் தழுவி வரும் தரை அலை. கோபுரம் இருக்கும் ஆவடியிலிருந்து திருவொற்றியூருக்கு 720 இவ்வழியில்தான் வருகிறது. அதனால்தான் அதற்குப் பகலும் இரவும் ஒன்றாக இருக்கின்றன. மற்றொன்று வானை நோக்கிச் சாய்வாக எழுந்து, சூரியக் கதிரால் காற்று மின்னூட்டம் பெற்றிருக்கும் மேல்வானமான அயனி மண்டலத்தில் மோதித் திரும்பும் வான் அலை. தூத்துக்குடி உங்களுக்கு வருவது இவ்வழியில். தரை வழியாக 500 கிலோமீட்டருக்கு மேல் நிலத்தின் மீது ஊர்ந்து வருவதற்குள் 1053இன் பலம் இரைச்சலுக்குக் கீழே போய்விடுகிறது.

பகலில் வான் அலை ஏன் வரவில்லை என்பதற்கு விடை, தரையிலிருந்து 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் இருக்கும் ‘டி’ அடுக்கில் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிரில் 121.6 நானோமீட்டர் அலைநீளமுள்ள பகுதி காற்றுவெளியில் வெகு ஆழம் வரை இறங்கி, அங்கே மிகச் சிறிதளவே இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கிறது. வானொலி அலை வந்து தொடும்போது இந்த எலக்ட்ரான்கள் அதன் தாளத்திற்கு அதிர்கின்றன. மிக உயரத்தில் இப்படி அதிரும் எலக்ட்ரான் தான் பெற்ற ஆற்றலை மீண்டும் அலையாகவே திருப்பித் தந்துவிடும். அதுவே அலையை வளைத்துக் கீழே அனுப்புகிறது. ஆனால் 70, 80 கி.மீ. உயரத்தில் காற்று இன்னும் ஓரளவு அடர்த்தியாக இருப்பதால், எலக்ட்ரான் ஓர் அதிர்வை முடிப்பதற்குள் பக்கத்து மூலக்கூறின் மீது மோதி, பெற்றதை வெப்பமாகக் கொட்டிவிடுகிறது. மத்திய அலை அங்கே மேலே ஏறும்போது ஒருமுறையும், திரும்பி இறங்கும்போது மறுமுறையும் இந்த வரியைக் கட்டியாக வேண்டும். பகலில் வரி போக எதுவும் மிஞ்சுவதில்லை.

பொழுது சாய்ந்ததும் எலக்ட்ரான் உற்பத்தி நின்றுவிடுகிறது. அந்த உயரத்தில் காற்று அடர்த்தியாக இருப்பதனாலேயே, விடுபட்ட எலக்ட்ரான்கள் விரைவில் மீண்டும் ஒட்டிக்கொண்டு, டி அடுக்கு ஏறத்தாழக் கலைந்துபோகிறது. அதற்கு மேலே 100 கி.மீ. அருகில் உள்ள ‘இ’ அடுக்கு மெலிந்தாலும் மத்திய அலையைத் திருப்பும் அளவுக்கு மிஞ்சுகிறது, 200 கி.மீட்டருக்கும் மேலே உள்ள ‘எஃப்’ அடுக்கில் காற்று மிக மெல்லியது என்பதால் எலக்ட்ரான்கள் விடியும் வரை தாக்குப்பிடிக்கின்றன. ஆகவே இரவு எதையும் பெருக்குவதில்லை. பகலெல்லாம் குறுக்கே நின்ற ஒன்று விலகிக்கொள்கிறது, அவ்வளவே.

காலடிப்பேட்டை மாடி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. ஆறு மணிக்குச் சூரியன் மறைந்தாலும் குரல் தெளிய ஆறரை ஆகிறதே, அது அடுக்கு கலைய எடுத்துக்கொள்ளும் நேரமா?

வண்ணாரப்பேட்டை வாத்தியார் எழுதியது:

அதுவும் உண்டு. வேறு இரண்டு காரணங்களும் உண்டு. முதலாவது, அலை வளையும் இடம் உங்கள் தலைக்கு மேல் இல்லை. காலடிப்பேட்டைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவழியில், ஏறக்குறையத் திருச்சிப் பக்கத்து வானத்தில் இருக்கிறது. ஜனவரியில் சென்னையைவிட அங்கே சில நிமிடங்கள் தாமதமாகத்தான் பொழுது சாயும். இரண்டாவது, தரையில் இருட்டிய பிறகும் 70 கி.மீ. உயரத்தில் நிற்பவருக்குக் கணக்குப்படி இன்னும் அரை மணி நேரம் சூரியன் தெரியும். ஆனால் அந்த வெயில் பூமியின் விளிம்பைத் தடவி, அடர்ந்த காற்றைக் குறுக்காகக் கடந்து வருவதால், எலக்ட்ரானைப் பிரிக்கும் பகுதி வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. எனவே அரை மணி முழுதும் காத்திருக்கத் தேவையில்லாமல், அதற்குள்ளாகவே அடுக்கு படிப்படியாகக் கரைகிறது. உங்கள் குறிப்பேட்டின் பத்து நிமிட முனகலும் அரை மணித் தெளிவும் இதோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன.

பெரம்பூர் ஐயன் எழுதியது:

ஒரு தடை எழுப்ப வேண்டும். டி அடுக்கின் விழுங்கல் அலைவரிசை குறையக் குறையக் கூடும் என்பது பாடநூல் விதி. பகலில் மத்திய அலையைவிட உயர்ந்த அலைவரிசையான சிற்றலை தப்பிக்கிறது, மத்திய அலை மடிகிறது என்பதும் அதற்குச் சான்று. அப்படியானால் இன்னும் கீழே போகப் போக நிலைமை படுமோசமாக அல்லவா ஆக வேண்டும்? ஆனால் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் உள்ள கடற்படையின் கட்டபொம்மன் நிலையம் 18.2 கிலோஹெர்ட்ஸில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. பகலில் அதை அணைத்துவிட்டு இரவுக்காகக் காத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. வாத்தியாரின் விளக்கம் 720க்குச் சரி, 18.2க்கு வரும்போது உடைகிறது.

எர்ணாவூர் ஹாம் எழுதியது:

இந்த இழையிலேயே மிக நல்ல கேள்வி இது. எனக்கும் வெகுநாள் உறுத்திய ஒன்று.

‘குறையக் குறைய விழுங்கல் கூடும்’ என்ற விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அலை எலக்ட்ரானைக் குலுக்கும் வேகம், எலக்ட்ரான் காற்றோடு மோதும் வேகத்தைவிட வெகுவாக மிகுந்திருக்க வேண்டும். சிற்றலையின் மேற்பகுதியில் அது பொருந்தும். 18 கிலோஹெர்ட்ஸில் நிலைமை தலைகீழ்: ஒரே அதிர்வுக்குள் எலக்ட்ரான் பலமுறை மோதிவிடுகிறது. அங்கே டி அடுக்கை அலையை வளைக்கும் வாயுவாகக் கருதுவதைவிட, மின்சாரத்தைச் சுமாராகக் கடத்தும் ஒரு பரப்பாகக் கருதுவதே சரி.

இன்னும் எளிதாக அலைநீளத்தை வைத்துப் பார்க்கலாம். 720 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 416 மீட்டர், 18.2இன் அலைநீளமோ ஏறத்தாழ 16.5 கி.மீ. டி அடுக்கின் அடிப்பகுதி சில கிலோமீட்டர் தடிமனுக்குள் ஒன்றுமில்லாமையிலிருந்து கடத்தும் தன்மைக்கு மாறிவிடுகிறது. 416 மீட்டர் அலைக்கு அது ஒரு முந்திரித் தோப்பு. உள்ளே நுழைந்து பல அலைநீளங்கள் நடந்து, ஒவ்வோர் அடியிலும் கிளையில் மாட்டி, ஆற்றலை இழந்து சாகும். 16 கி.மீ. நீளமுள்ள அலைக்கு அந்த மாற்றம் முழுவதும் தன் நீளத்தில் ஒரு பகுதிக்குள்ளேயே நிகழ்ந்துவிடுவதால், அது தோப்பாகவே தெரிவதில்லை, மதிலாகத் தெரிகிறது. மோதித் திரும்பிவிடும். சிறிது இழப்பு உண்டு, ஆனால் சாவு இல்லை.

ஆகவே மிகத் தாழ் அலை, கீழே கடலும் நிலமும் தரையாகவும் மேலே அயனி மண்டலம் கூரையாகவும் அமைந்த ஒரு சுரங்கத்தில் ஓடுகிறது. பகலில் கூரை சுமார் 70 கி.மீட்டரில் இருக்கும், இரவில் டி அடுக்கு கலைந்து 85, 90 கி.மீட்டருக்கு உயர்ந்துவிடும். மத்திய அலைக்குப் பகல், இரவு என்பது உயிர், சாவு. மிகத் தாழ் அலைக்கு அது கூரை இறங்குவதும் ஏறுவதும் மட்டுமே. இரவில் இழப்பு குறைந்து பலம் கூடும், ஆனால் கூரை நிலையில்லாமல் அலைவதால் பலம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பகலில் பலம் சற்றுக் குறைவு, ஆனால் கோடு கிழித்தது போல நிற்கும். செம்புக் கம்பியைச் சட்டத்தில் பல சுற்றுகள் சுற்றி, அதைக் கணினியின் ஒலி அட்டையில் செருகி 18.2ஐ நானே பார்த்திருக்கிறேன். விடியலிலும் அந்தியிலும் பலத்தைக் காட்டும் கோட்டில் பள்ளங்கள் விழும். நடுப்பகல் முழுவதும் சமவெளி.

பெரம்பூர் ஐயன் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். என் தடையை நானே இப்படி முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது: சூரியனில் சுடர் வெடிக்கும்போது ஊடுகதிர் (எக்ஸ்ரே) வந்து டி அடுக்கைத் திடீரென அடர்த்தியாக்குகிறது. அப்போது பூமியின் பகல் பாதியில் உள்ள சிற்றலைகள் சில நிமிடங்களுக்கோ ஒரு மணி நேரத்திற்கோ செத்துப்போக, மிகத் தாழ் அலையின் பலம் பெரும்பாலும் கூடுவதாகப் படித்திருக்கிறேன். மதில் இறுகினால் எதிரொலிப்பு நன்றாகும், தோப்பு அடர்ந்தால் நடப்பவன் விழுவான். சரிதானே?

எர்ணாவூர் ஹாம் எழுதியது:

சரியேதான். அந்தக் கூடுதலை வைத்தே சுடர்வெடிப்புகளைப் பதிவு செய்யும் பள்ளி மாணவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

கூரையின் உயரத்தைக் காதாலேயே கேட்கவும் வழியுண்டு. மின்னல் வெட்டும்போது எழும் அலை இந்தச் சுரங்கத்தில் நெடுந்தூரம் ஓடுகையில், அதன் ஒரு பகுதி கூரைக்கும் தரைக்கும் இடையே மேலும் கீழும் மோதிக்கொண்டு வருகிறது. அலைநீளத்தின் பாதி கூரையின் உயரத்தைவிடப் பெரிதாகிவிட்டால் அந்தப் பகுதியால் ஓட முடியாது. இரவில் கூரை 85 கி.மீ. என்றால் அந்த எல்லை சுமார் 1,760 ஹெர்ட்ஸ், அதாவது நம் செவிக்கு எட்டும் ஒலி வரம்புக்குள்ளேயே வருகிறது. எல்லையை நெருங்கும் அலைகள் பின்தங்கி வருவதால், நீண்ட கம்பியையும் ஒலிபெருக்கியையும் இணைத்தால் மின்னலின் ‘கடக்’ ஒலி, சிட்டுக்குருவியின் கீச்சு போல இழுபட்டு ஒலிக்கும். பகலில் இந்த இழுவை இழப்பில் அழிந்துபோகும், எனவே கீச்சு இரவுக்கே உரியது. நம் வட்டாரத்தில் 50 ஹெர்ட்ஸ் மின் ரீங்காரம் எல்லாவற்றையும் மூடிவிடும். பழவேற்காட்டுக் கடற்கரைக்கு ஒருமுறை இரவில் போய்த்தான் கேட்டேன்.

ராயபுரம் பழைய ரேடியோ ஆபீசர் எழுதியது:

கப்பலில் தந்தி தட்டிய காலத்திலிருந்து இரண்டு செய்திகள்.

எங்கள் அபாய அலைவரிசை 500 கிலோஹெர்ட்ஸ். மணிக்கு இருமுறை, 15ஆம் நிமிடத்திலிருந்தும் 45ஆம் நிமிடத்திலிருந்தும் மும்மூன்று நிமிடங்கள் எல்லாக் கப்பல்களும் வாயடைத்து அதைக் கேட்க வேண்டும். எங்கள் சுவர்க் கடிகாரத்தில் அந்தத் துண்டுகள் சிவப்பாகவே தீட்டப்பட்டிருக்கும். பகலில் அந்த மௌனத்தில் அருகிலுள்ள கப்பல்கள் மட்டுமே கேட்கும். இரவில் வங்கக்கடலின் மறுகரையிலிருந்தும் ஆள் கூப்பிடுவான். உதவிக்குப் போக முடியாத தூரத்திலிருந்து வரும் அழைப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது இனிமையான அனுபவம் அன்று.

இரண்டாவது, இரவு நன்மை மட்டுமே செய்யும் என்று எண்ண வேண்டாம். கரையிலுள்ள கலங்கரை வானொலியை வளைய அலைவாங்கியால் பிடித்துத் திசை காணுவோம். தரை அலை மட்டும் வரும் பகலில் ஊசி சரியாக நிற்கும். பொழுது சாய்ந்ததும் வான் அலை மேலிருந்து, முறுக்கப்பட்ட நிலையில் வந்து கலப்பதால் திசை மங்கும், பல பாகைகள் பிசகும். சூரிய அத்தமனத்திற்கு ஒரு மணி முன்பிருந்து உதயத்திற்கு ஒரு மணி பின்பு வரை எடுத்த திசையை நம்பாதே என்று பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள். பின்னர் வந்த, கப்பலின் இருப்பிடம் காட்டும் ஒமேகா முறை 10.2 கிலோஹெர்ட்ஸில் உலகம் முழுவதற்கும் எட்டு நிலையங்களைக் கொண்டு இயங்கியது. 1997 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டார்கள். எர்ணாவூர்த் தம்பி சொன்ன கூரை ஏற்ற இறக்கத்திற்காகவே அதற்குத் தடித்தடியான திருத்த அட்டவணைகள் இருந்தன. நேரத்தையும் இடத்தையும் பார்த்துக் கூட்டிக் கழிக்காவிட்டால் கப்பல் பல மைல் தள்ளி நிற்பதாகக் காட்டும்.

பகல், இரவு வேறுபாட்டை முதலில் அளந்தவரும் கப்பலில்தான் அளந்தார். 1902 பிப்ரவரியில் பிலடெல்ஃபியா என்ற கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்த மார்க்கோனி, பகலில் சுமார் 700 மைலுடன் அற்றுப்போன சமிக்கை இரவில் 2,000 மைலைத் தாண்டியும் வருவதைக் கண்டார். வெயில் பட்டு அனுப்பும் கம்பியின் மின்னூட்டம் கசிகிறது என்று காரணம் சொன்னார். அது தவறு. அதே ஆண்டில் கென்னெல்லியும் ஹெவிசைடும் மேலே கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதினார்கள்; 1924இல் ஆப்பிள்டனும் பார்னெட்டும் அதன் உயரத்தையே அளந்து காட்டினார்கள். அளவீடு சரியாகவும் விளக்கம் தவறாகவும் இருக்கலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்; காலடிப்பேட்டை நண்பர் தம் குறிப்பேட்டைச் சந்தேகிக்க வேண்டாம்.

காசிமேட்டுக்காரன் எழுதியது:

படிப்பாளிகள் பேசும் இடத்தில் ஒரு கடல் கணக்கு. எங்கள் நைனா விசைப்படகில் போகும்போது பண்பலை கரையைவிட்டு விலகிய சில மணி நேரத்தில் அறுந்துவிடும். 720 மட்டும் நட்ட நடுப்பகலிலும் கூடவே வரும். புயல் எச்சரிக்கையை அதில்தான் கேட்பார்கள். இதே தூரம் மேற்கே நிலத்தின் மீது போனால் இவ்வளவு பலம் இருப்பதில்லையே, ஏன்?

மணலி மின்பொறி எழுதியது:

உப்புநீர் நிலத்தைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரம் கடத்துவதால், தரை அலை அதன் மீது மிகக் குறைந்த இழப்புடன் வழுக்கிச் செல்லும். இது சூரியனைச் சாராதது. உங்கள் நைனாவுக்குக் கடலே கம்பி.

இரவு கெடுக்கும் என்று ஆபீசர் ஐயா சொன்னதற்கு இன்னொரு சான்று. புதுச்சேரியில் என் அக்கா வீட்டில் 720 பகலில் சீராகக் கேட்கும். இரவில் அதே நிலையம் மங்கி, கரகரத்து, மீண்டும் தெளியும். அந்தத் தூரத்தில் தரை அலையும் வான் அலையும் ஏறத்தாழச் சம பலத்தில் வந்து சேர்கின்றன. தரை வழி சுமார் 130 கி.மீ.; 100 கி.மீ. உயரத்தில் மோதித் திரும்பும் வழி சுமார் 240 கி.மீ. அடுக்கு 125 மீட்டர் அளவுக்கு அசைந்தாலே வழி அரை அலைநீளம் மாறி, ஒன்றையொன்று கூட்டிக்கொண்டிருந்த அலைகள் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கிவிடும். நூறு கிலோமீட்டர் உயரத்தில் 125 மீட்டர் என்பது ஒன்றுமே இல்லை.

எங்கள் பகுதியில் இன்னொரு தொல்லை, உயரழுத்தக் கம்பிகளின் பீங்கான்களில் உப்புக்காற்று படிந்து வானொலியில் எழும் படபடப்பு இரைச்சல். நல்ல மழை ஒன்று கழுவிவிட்டால் சில நாள் அமைதி. மின்வெட்டை வரவேற்ற ஒரே கூட்டம் நாம்தான்.

காலடிப்பேட்டை மாடி எழுதியது:

குறிப்பேட்டில் உள்ள ஒரு கிரகணக் குறிப்பையும் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. 2010 ஜனவரி 15, பொங்கலை ஒட்டிய விடுமுறை. தனுஷ்கோடிப் பக்கம் வளையக் கிரகணம்; சென்னையில் பகுதிக் கிரகணம். மதியம் ஒரு மணிக்கு முன்பே மாடிக்குப் போய் 1053இல் முள்ளை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வெயில் நிறம் மாறி, காக்கைகள்கூடக் குழம்பின. ‘ஒன்றும் வரவில்லை, இரைச்சல் மட்டுமே’ என்று எழுதியிருக்கிறேன். சூரியனின் பெரும்பகுதி மறைந்தும் டி அடுக்கு கலையவில்லையா?

வண்ணாரப்பேட்டை வாத்தியார் எழுதியது:

கலையவில்லை, மெலிந்தது. எலக்ட்ரான்கள் உண்டாகும் வேகத்தையும் மீண்டும் சேரும் வேகத்தையும் சமன் செய்து பார்த்தால், எலக்ட்ரான் அடர்த்தி ஒளியின் அளவுக்கு நேராகக் குறையாமல், ஏறத்தாழ அதன் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே குறைகிறது. ஒளி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் எலக்ட்ரான்கள் பாதியாகத்தான் குறையும். பாதித் தோப்பும் மத்திய அலைக்குப் போதுமான தோப்பே. அதோடு, பகுதிக் கிரகணத்தின் உச்சம் சில நிமிடங்களே நீடிக்கும். அந்தி போல ஒளி வந்து சேராமல் போவதில்லை.

அன்று நீங்கள் 18.2ஐப் பார்த்திருந்தால் கோட்டில் ஏதேனும் அசைவு தெரிந்திருக்கக்கூடும். 2009 ஜூலை 22 முழுக் கிரகணத்தின்போது விஜயநாராயணத்தின் அலையை இந்திய ஆய்வாளர்கள் நாட்டின் பல இடங்களிலிருந்து அளந்து அத்தகைய மாற்றத்தைக் கண்டிருக்கிறார்கள். கூரை சற்று உயர்ந்தாலே மிகத் தாழ் அலை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தோப்பு முழுவதும் வெட்டப்படும் வரை மத்திய அலை காத்திருக்கும்.

எர்ணாவூர் ஹாம் எழுதியது:

அண்ணா, புது வீட்டில் மொட்டைமாடி உண்டா? உண்டென்றால் என் பழைய கம்பிச் சட்டத்தைக் கொண்டுவந்து தருகிறேன். ஒரு மீட்டர் சதுரம்தான், ஆட்டோவில் வந்துவிடும்.

காலடிப்பேட்டை மாடி எழுதியது:

உண்டு தம்பி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. மோட்டார் ஓடும் நேரத்தை மட்டும் குறிப்பேட்டில் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.